மறந்துபோன சொல்லும் திறவாத பெட்டியும்

தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக்கு மாலை வேளையில் காற்று வாங்கப் போகிறவர்கள், வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டே, தாங்கள் எத்தகைய சரித்திரப் பிரசித்தி பெற்ற மண்ணில் நடக்கிறோம் என்பதை அநேகமாக நினைப்பதில்லை. கெடில நதி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில்தான் செயிண்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-ல் இங்கிலீஷ் கம்பெனியார் அதை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒரு வேடிக்கையான அளவுகோல் வைத்தார்கள். பீரங்கியின் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு தூரமும் கம்பெனிக்குச் சொந்தம்! அப்படி அகப்பட்டுக்கொண்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் விழுந்தது. 1746-ல் சென்னைப்பட்டினம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, 1752 வரையில் சோழமண்டலக் கரையில் கம்பெனியாரின் தலைமை ஸ்தலம் இந்தத் தேவனாம்பட்டினந்தான். பிறகு 1758-ல் பிரெஞ்சுச் சேனாதிபதி லாலி வந்து முற்றுகையிட்டார், கோட்டை பணிந்தது. பணிந்த கோட்டையை லாலி என்ன செய்தார்? வெடி வைத்து இடித்துத் தள்ளினார். கோட்டையைப் பிடித்தது வாஸ்தவம்; ஆனால் பிடித்த கோட்டை மிஞ்சவில்லை.

இந்தப் பழங்கதையை இங்கே எடுத்ததற்குக் காரணம் உண்டு. இன்றைக்கு நம் கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடுகளில் பரணிலும் அலமாரியிலும் தூசி படிந்து கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்கள் பல, வாசற்கதவு தாழிட்ட கோட்டைகளாக இருக்கின்றன. விசையை அழுத்தினால் விளக்கு எரிகிறது; விசிறி சுழல்கிறது; திரையில் ஒரு சிறிய கட்டம் தோன்றி, "உன் இரகசியச் சொல் என்ன?" என்று கேட்கிறது. சொல் ஞாபகம் இல்லை. ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனால், லாலியின் சீடர்கள் சிலர் அங்கே தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறேன்" என்கிறார்கள். உள்ளே இருந்த கல்யாணப் படங்களும், கணக்குகளும், காலஞ்சென்ற தகப்பனார் தட்டி வைத்த குடும்ப விருத்தாந்தமும் அந்த ஒரு வார்த்தையில் மண்ணாகின்றன. இதில் விசேஷம் என்னவென்றால், அப்படி அழித்த பிறகும் அந்தக் கட்டம் திரையில் அப்படியே நின்று, அதே கேள்வியைக் கேட்கும். ஏன் என்று தெரிந்துகொள்வது குடும்பஸ்தர் ஒவ்வொருவருக்கும் அவசியம்.

இரகசியச் சொல்லைக் 'கடவுச்சொல்' என்று இக்காலத் தமிழில் சொல்கிறார்கள். கடவு என்றால் வழி, நல்ல பெயர்தான். நமக்குத் தெரிந்த ஒரு பாட்டி அதைக் 'கடவுள் சொல்' என்றே காதில் வாங்கிக்கொண்டு, "அப்படியானால் முருகா என்று போட்டுப் பாரேன்" என்றாள். பாட்டி சொன்னது பரிகாசத்துக்குரியதல்ல. நம் ஜனங்கள் வைக்கும் சொற்களில் பாதிக்குமேல் குலதெய்வத்தின் பெயர்களே என்பது ரிப்பேர் கடைக்காரர்கள் அனைவரும் அறிந்த இரகசியம்.

ஒரு கம்ப்யூட்டரில் சாதாரணமாக மூன்று கதவுகள் இருக்கலாம். மூன்றையும் ஒன்றென்று எண்ணுவதால்தான் குழப்பமெல்லாம் வருகிறது. விசையை அழுத்தியதும் முதலில் விழித்துக்கொள்வது விண்டோஸும் அல்ல, லினக்ஸும் அல்ல. மதர்போர்டு என்கிற தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லு இருக்கிறது. அதில் எழுதி வைத்துள்ள 'பயாஸ்' என்னும் ஆரம்ப நிரல்தான் முதலில் எழுந்து, நினைவகம் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, ஹார்டு டிஸ்க் இருக்கிறதா என்று வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே விண்டோஸை எழுப்புகிறது. பயாஸ் என்ற பெயரை 1970-களில் சூட்டியவர் காரி கில்டால் என்ற அமெரிக்கர். பிற்கால யந்திரங்களில் இதன் ஸ்தானத்துக்கு 'யு.இ.எஃப்.ஐ.' என்ற வேறொன்று வந்திருக்கிறது, உத்தியோகம் அதேதான். ஆரம்பக் கடவுச்சொல்லைக் கேட்பது இந்த வாசற்காவற்காரன். விண்டோஸ் கேட்கும் கடவுச்சொல் கூடத்துக் கதவு. மூன்றாவது, ஹார்டு டிஸ்க்கே தனக்கென்று வைத்துக்கொள்ளும் பூட்டு. இது பெட்டகத்தின் பூட்டைப் போன்றது. விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடுவது, கூடத்தை வெள்ளையடிப்பதற்கு ஒப்பாகும். வாசலில் நிற்பவன் அதனால் நகர்ந்துவிடுவானா?

ஆகவே, கேள்வி எப்பொழுது வருகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். தயாரிப்பாளரின் சின்னம் தோன்றுவதற்கு முன்னாலோ, தோன்றிய உடனேயோ, கறுப்புத் திரையிலோ வெறுங்கட்டத்திலோ கேட்டால் அது வாசற்காவற்காரன். வர்ணப் படமும், உபயோகிப்பவரின் பெயரும் தெரிந்து, அதன் பிறகு கேட்டால் அது விண்டோஸ்.

அடுத்தபடியாக, சொல் உண்மையில் மறந்துதான் போயிற்றா என்று பார்ப்பது நல்லது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் கடற்கரை ஊர்களில் வசிப்பவர்கள் கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்பதுபோல் கீபோர்டின் உள்ளேயுள்ள மெல்லிய தகடுகளையும் தின்கிறது. பத்து எழுத்துச் சொல்லில் ஓர் எழுத்தின் விசை செத்திருந்தால், நாம் சரியாகத் தட்டியும் யந்திரத்துக்கு ஒன்பது எழுத்தே போய்ச் சேரும். திரையில் நட்சத்திரங்களோ புள்ளிகளோ தெரியுமேயன்றி எழுத்துத் தெரியாது. எனவே நட்சத்திரங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். வேறொரு கீபோர்டை இரவல் வாங்கிச் சொருகிப் பார்க்க வேண்டும். மடிக் கம்ப்யூட்டருக்கும் வெளிக் கீபோர்டைச் சொருகலாம். பெரிய எழுத்து விசை விழுந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய மடிக் கம்ப்யூட்டர்களில் எண் விசை விழுந்திருந்தால், வலப்பக்கத்து எழுத்துக்களான ஜே, கே, எல், யூ, ஐ, ஓ ஆகியவை எழுத்துக்குப் பதிலாக எண்ணைக் கக்கும். மறதி என்று பழி வாங்கிய பலர் இந்த விசையால் கெட்டவர்கள்.

தமிழர்களுக்கு இன்னும் ஒரு விசேஷத் தொல்லை உண்டு. வாசற்காவற்காரனுக்குத் தமிழ் தெரியாது. நம் பெயர்களை ரோமன் எழுத்தில் தட்டித்தான் அவனைத் திருப்தி செய்ய வேண்டும். லட்சுமி என்ற ஒரு பெயருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல்! 'க்ஷ' வரும்படி எழுதுவார் ஒருவர். 'ட்சு' வரும்படி எழுதுவார் இன்னொருவர். 'லெட்சுமி' என்று மூன்றாமவர். ழகரத்துக்கு இரண்டு எழுத்துப் போடுபவர் உண்டு; ஒன்று போடுபவர் உண்டு; வேண்டாம் என்று லகரமாகவே விட்டுவிடுபவரும் உண்டு. கணவன் வைத்த சொல்லை மனைவி சரியாகச் சொல்கிறாள், ஆனால் தன் எழுத்துக்கூட்டலில் தட்டுகிறாள், பெட்டி திறக்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்ட பழைய கடிதத்தையோ, பாங்கிப் புஸ்தகத்தையோ எடுத்து, அவர் அந்தப் பெயரை எப்படி எழுதுவார் என்று பார்த்தால் பல சமயம் வேலை முடிந்துவிடும்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் திருப்புளியைக் கையில் எடுக்கலாம். மேஜைக் கம்ப்யூட்டரானால் விஷயம் சுலபம். ஏன் சுலபம் என்பது ஒரு சுவாரஸ்யமான கதை. 1984-ல் ஐ.பி.எம். கம்பெனியார் 'ஏ.டி.' என்ற தங்கள் புது யந்திரத்தில் ஒரு கடிகாரச் சில்லை வைத்தார்கள். அந்தச் சில்லில் 64 பைட் அளவே நினைவு. மின்சாரம் நின்றாலும் கடிகாரம் ஓட வேண்டுமென்று ஒரு பாட்டரியை அதற்குத் துணை வைத்தார்கள். மணிக்கு வேண்டியது போக மிச்சமிருந்த இடத்தில் யந்திரத்தின் அமைப்புக் குறிப்புகளை எழுதி வைத்தார்கள். பிற்பாடு இரகசியச் சொல் என்ற ஏற்பாடு வந்தபோது அதையும் அநேக கம்பெனியார் இந்தச் சிறு இடத்திலேயே திணித்தார்கள். ஆகவே பாட்டரியை எடுத்தால் நினைவு போகும்; நினைவு போனால் சொல் போகும்; காவற்காரன் எதைக் கேட்பது என்று தெரியாமல் வழி விட்டுவிடுவான்.

இடம் போதாமையால் நேர்ந்த இன்னொரு விநோதமும் உண்டு. 1990-களின் சில பயாஸ்கள் சொல்லை முழுதும் எழுதி வைக்காமல், அதைச் சுருக்கி இரண்டே பைட்டுகளில் ஓர் எண்ணாக எழுதி வைத்தன. இரண்டு பைட்டில் அடங்கக்கூடிய எண்கள் 65,536 மட்டுமே. உலகத்துச் சொற்களோ கோடானுகோடி. ஆகையால் வெவ்வேறு சொற்கள் ஒரே எண்ணாகச் சுருங்கின. நாம் வைத்த சொல்லோடு சம்பந்தமே இல்லாத அர்த்தமற்ற சொல்லாலும் பூட்டுத் திறந்தது! போதாக்குறைக்கு, அவார்ட், அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் முதலிய பயாஸ் கம்பெனிகளின் தயாரிப்புகளில் எல்லாப் பூட்டுக்கும் பொதுவான திருட்டுச் சாவிச் சொற்கள் பொதிந்து கிடந்தன. அவை ஊரறிந்த இரகசியமாகிவிட்டன. அக்காலத்து யந்திரம் யாரிடமாவது இருந்தால் பாட்டரியைத் தொடாமலே காரியம் முடியக்கூடும்.

பாட்டரியை எடுக்கும் முறையைச் சொல்கிறோம். முதலில் மின்சார வடத்தைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட வேண்டும். விசையை அணைத்தால் மட்டும் போதாது. பிடுங்கிய பிறகு யந்திரத்தின் விசையைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தங்கியுள்ள மின்சாரமும் வடிந்துவிடும். பக்கத்துத் தகட்டைக் கழற்றி, உள்ளேயுள்ள எதையும் தொடுமுன் பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒருமுறை கையால் தொட வேண்டும். உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லுகளுக்கு எமன். தாய்ப்பலகையில் நாணயத்தைப் போல வட்டமாக ஒரு பாட்டரி தெரியும். அநேகமாக 'சி.ஆர். 2032' என்ற இனமாக இருக்கும். குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர், மூன்று வோல்ட். அதை நகர்த்திப் பிடித்திருக்கும் கொக்கியை மெதுவாக விலக்கி எடுத்து, பத்துப் பதினைந்து நிமிஷம் வெளியே வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பெட்டியிலுள்ள ஒட்டடையைப் பெயிண்ட் அடிக்கும் பிரஷ் ஒன்றால் தட்டிவிட்டால் யந்திரத்துக்கும் க்ஷேமம்.

பாட்டரிக்குப் பதிலாக 'ஜம்பர்' என்ற வழியும் உண்டு. பலகையில் மூன்று சிறு ஊசிகள் வரிசையாக நிற்கும். அவற்றில் இரண்டை மூடிக்கொண்டு ஒரு குட்டிப் பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். தொப்பியைக் கழற்றி அடுத்த ஜோடிக்கு மாற்றிச் சில விநாடி வைத்துவிட்டு, மறுபடி பழைய இடத்திலேயே போட்டுவிட வேண்டும். சில பலகைகளில் கடவுச்சொல்லுக்கென்றே தனி ஜம்பர் வைத்திருக்கிறார்கள். எது எங்கே என்பது பலகையோடு வந்த புஸ்தகத்தில் படம் போட்டிருக்கும். புஸ்தகத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். பலகையின் மேலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதும் வழக்கம்.

பூட்டுத் திறந்த பிறகு ஒரு தமாஷ் நடக்கும். கடிகாரமும் நினைவிழந்துவிட்டபடியால், யந்திரம் தான் பிறந்த வருஷத்துக்கே திரும்பிப் போய்விடும். தேதியைத் திருத்தாமல் இண்டர்நெட்டுக்குப் போனால் பாங்கி முதலிய ஸ்தலங்கள் நம்மை உள்ளே விட மாட்டா. அவற்றின் அத்தாட்சிப் பத்திரங்கள் இன்னும் பிறக்கவேயில்லை என்று யந்திரம் வாதாடும்! தேதியைச் சரிசெய்தால் வாதம் ஓய்ந்துவிடும். ஹார்டு டிஸ்க்கை எந்த முறையில் அணுக வேண்டும் என்ற அமைப்பும் மாறிப்போய், விண்டோஸ் பாதியில் நின்றுவிடுவது உண்டு. ஐ.டி.ஈ. என்றிருந்ததை ஏ.எச்.சி.ஐ. என்றோ, அதற்கு மாறாகவோ வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். ஆனால் 'பிட்லாக்கர்' என்ற சங்கேதப் பூட்டுப் போட்ட டிஸ்க்காக இருந்தால், பயாஸில் கை வைக்குமுன் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அமைப்பு மாறியதை மோப்பம் பிடித்து அது எண்ணைக் கேட்கும். எண் இல்லாவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி, மடிக் கம்ப்யூட்டர். நம் மாகாணத்தில் இது லட்சக்கணக்கான குடும்பங்களின் பிரச்னை. 2011 செப்டம்பர் 15-ந் தேதி, அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா அம்மையார் அரசாங்கப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இலவச மடிக் கம்ப்யூட்டர் வழங்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் ஸ்தாபனத்தின் மூலம் வாங்கப்பெற்ற அந்த யந்திரங்கள் பல வருஷங்கள் தொடர்ந்து விநியோகமாயின. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு, நம் நாட்டு ஸிடாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. பெண்ணுக்குக் கொடுத்த பெட்டி, அவள் கல்யாணமாகிப் போன பிறகு தாய்வீட்டிலேயே தங்கிவிட்டது. ஹாஸ்டலில் தோழிகள் எடுத்துவிடக் கூடாதென்று அவள் அன்று வைத்த ஆரம்பக் கடவுச்சொல் இன்று அவளுக்கே ஞாபகமில்லை. தம்பி படிக்க வேண்டும், பெட்டி திறக்கவில்லை. புதிது வாங்கப் பணமில்லாத வீட்டில் இது அற்ப விஷயமல்ல.

மடிக் கம்ப்யூட்டரில் பாட்டரி வித்தை அநேகமாகப் பலிக்காது. அது திருடு போகக்கூடிய பண்டம் என்பதால், மின்சாரமே இல்லாவிட்டாலும் மறக்காத ஒரு தனிச் சில்லில் சொல்லை எழுதி வைக்கிறார்கள். சிலவற்றில் மூன்று முறை தவறாகத் தட்டினால், திரையில் ஓர் எண் தோன்றும். தயாரித்த கம்பெனியாரின் சேவை நிலையத்துக்குப் போய், அந்த எண்ணையும் யந்திரத்தின் வரிசை எண்ணையும் கொடுத்து, பெட்டி நம்முடையதே என்று ரசீதையும் காட்டினால், பூட்டைத் திறக்கும் சொல்லை அவர்கள் கணக்கிட்டுத் தருவது உண்டு. வேறு சில இனங்களில், உதாரணமாகத் திங்க்பேடில், மேற்பார்வையாளர் கடவுச்சொல் மறந்தால் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும் என்பது அவர்களுடைய புஸ்தகத்திலேயே கண்ட விதி. பழைய யந்திரத்துக்குப் புதுப் பலகை என்பது, கிழிந்த குடைக்கு வெள்ளிக் கைப்பிடி போடும் கதைதான். சில்லின் கால்களைக் கம்பியால் இணைத்துச் சொல்லை மயக்கும் சூரர்களும் கடைத்தெருவில் இருக்கிறார்கள். பத்தில் சில பலிக்கும். பலிக்காதபோது பலகை சாம்பல். வேறு வழியே இல்லாத பெட்டியில்தான் அதற்கு இடம் கொடுக்கலாம் என்பது நம் அபிப்பிராயம்.

இங்கே ஒரு விஷயம் மனத்தை உறுத்துகிறது. பணம் கொடுத்து வாங்கிய பெட்டி. அதன் கடைசிச் சாவியோ சமுத்திரத்துக்கு அப்பாலுள்ள கம்பெனியின் கையில். 1927-ல் நீலன் சிலையை அகற்றக் கோரிச் சிறை புகுந்த அஞ்சலை அம்மாள் பிறந்த கடலூரில் உட்கார்ந்துகொண்டு, "நம் வீட்டுப் பெட்டியின் சாவி நம்மிடம் இல்லை" என்று சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. பயாஸையே எல்லோரும் படித்துப் பார்த்துத் திருத்தும்படி வெளிப்படையாக எழுதும் முயற்சி ஒன்று 1999-ல் அமெரிக்காவில் தொடங்கி, 'கோர்பூட்' என்ற பெயரில் நடக்கிறது. நம் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சாஸ்திரம் படிக்கும் பிள்ளைகள் அதன் பக்கம் கொஞ்சம் திரும்பினால் தேவலை.

நிற்க. பெட்டி திறக்காவிட்டாலும் உள்ளே இருப்பது போய்விட்டதாக அர்த்தமில்லை. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது தெரியாததால் நேரும் நஷ்டம் பணத்தால் ஈடுகட்டக்கூடியதல்ல.

2004 டிசம்பர் 26-ந் தேதிக் காலையில் ஆழிப் பேரலை தேவனாம்பட்டினத்துக்குள் புகுந்ததை இந்தப் பக்கத்தார் யாரும் மறக்க மாட்டார்கள். உயிரையும் வீட்டையும் பற்றிப் பேசியவர்கள் பலர். போட்டோக்களைப் பற்றிப் பேசியவர் இல்லை. அங்கே ஒரு மீனவக் குடும்பம். அலை கொண்டுபோனவற்றில் அவர்களுடைய படங்கள் அத்தனையும் அடக்கம். மூத்த பிள்ளை படித்தவர். உறவினர் வீடுகளுக்கெல்லாம் போய், அங்கங்கே கல்யாணத்திலும் காதுகுத்திலும் எடுத்திருந்த படங்களை இரவல் வாங்கி, ஸ்கேன் செய்து, தம் மேஜைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்தார். அலையில் போன தங்கையின் முகம் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் அவரும் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். பெட்டி ஆரம்பக் கடவுச்சொல்லைக் கேட்டது. கடைக்காரர் ஒருவர், "அழித்துவிட்டால் ஓடும்" என்றாராம்.

அந்த அம்மாள் நம்மிடம் வந்து, "சார், பொட்டி ஓடாட்டி போவுது. எம் பொண்ணு மொகம் வந்தாப் போதும்" என்றாள்.

கடலூரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நம் பழைய மாணவன் ஒருவனை அழைத்துக்கொண்டு போனோம். அவன் பூட்டைத் தொடவேயில்லை. "சார், வாசக்கதவுதானே பூட்டியிருக்கு? பெட்டகத்தைப் பின்பக்கமாத் தூக்கிடலாம்" என்றான். நான்கு திருகுகளைக் கழற்றி ஹார்டு டிஸ்க்கை வெளியே எடுத்தான், யு.எஸ்.பி. உறை ஒன்றில் பொருத்தித் தன் யந்திரத்தோடு இணைத்தான். டிஸ்க்குக்குத் தனிப் பூட்டும் இல்லை, சங்கேதமும் இல்லை. அரைமணியில் படங்கள் திரையில் வந்தன. அம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டே போனாள். பையன் அந்தப் பெயர்களைக் கோப்பின் தலைப்பாகத் தட்டிக்கொண்டே வந்தான். முதல் வேலையாக அவன் செய்தது, எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்ததுதான். பழைய டிஸ்க் எந்த நிமிஷமும் உயிரை விடலாம். ஆகையால் திறந்து பார்ப்பதற்கு முன்பே பிரதி எடுக்க வேண்டும் என்பது அவன் தொழில் தர்மம்.

டிஸ்க்குக்கே தனிப் பூட்டுப் போட்டிருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். அந்தப் பூட்டு டிஸ்க்கோடு கூடவே போகும். எந்த யந்திரத்தில் மாட்டினாலும் கேட்கும்.

சொல்லோடு ஆளும் போய்விட்டால் என்ன செய்வது என்ற இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் ஏற்பட்டதல்ல. நார்வே தேசத்தில் இவார் ஆஸன் என்ற அறிஞர் குடியானவர்களின் பேச்சிலிருந்து ஒரு தேசிய எழுத்து மொழியையே உருவாக்கித் தந்தவர். அவர் பெயரால் அமைந்த நிலையத்துக்கு, ரெய்தார் யூபெதால் என்ற பேராசிரியரின் பெரிய புஸ்தகத் தொகுதி வந்து சேர்ந்தது. புஸ்தகங்களின் ஜாபிதா ஒரு கம்ப்யூட்டர்க் கோப்பில், கோப்பு கடவுச்சொல்லில், சொல்லோ காலஞ்சென்ற பேராசிரியரிடம். 2002-ல் நிலையத்தார் கௌரவம் பார்க்காமல் உலகத்தாரிடமே உதவி கேட்டார்கள். சில மணி நேரத்தில் விடை வந்துவிட்டது. பேராசிரியர் தம் சொந்தப் பெயரையே வால் முதல் தலை வரையில் திருப்பி எழுதி வைத்திருந்தார்! தமிழில் அந்த யுக்தி செல்லாது. கோபாலன் என்பதைத் திருப்பினால் 'ன்லபாகோ' ஆகும். தொல்காப்பியர் எழுந்து வந்து ஆட்சேபிப்பார்.

கடவுச்சொல் என்ற ஏற்பாட்டுக்கு வயதும் அதிகமில்லை. ஒரே பெரிய யந்திரத்தைப் பலர் பங்கு போட்டுக்கொள்ள, 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பவர் அமைத்த ஏற்பாட்டில் அது வந்தது. 1962-லேயே ஆலன் ஷெர் என்ற மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று, எல்லோருடைய சொற்களும் அடங்கிய கோப்பை யந்திரத்தைக் கொண்டே அச்சடித்துக்கொண்டார். பூட்டும் திருட்டும் இரட்டைப் பிள்ளைகள் போலும்! 1979-ல் மாரிஸ், தாம்ஸன் என்ற இரு நிபுணர்கள் 3,289 கடவுச்சொற்களைச் சேகரித்து ஆராய்ந்தபோது, 86 சதவிகிதம் மிகக் குட்டையாகவோ, அகராதியில் உள்ளதாகவோ, எளிதில் ஊகிக்கத்தக்கதாகவோ இருந்தன. அந்தத் தாம்ஸனே வைத்திருந்த சொல்லை 2019-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒருவர் நான்கு நாளைக்குமேல் யந்திரத்தை ஓட்டிக் கண்டுபிடித்தார். அது சதுரங்கத்தில் ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் ஆட்டத்தின் குறியீடு. தாம்ஸன் கோபிக்கவில்லை, வாழ்த்துச் சொல்லி அனுப்பினார்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மேலே சொன்னதெல்லாம் நம்முடைய பெட்டிக்கு, அல்லது உரியவர் ஒப்படைத்த பெட்டிக்கு மட்டுமே. சொந்தக்காரரின் அனுமதியில்லாமல் கம்ப்யூட்டருக்குள் புகுவது 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவில் வருகிறது. அதையே கபட எண்ணத்தோடு செய்தால், 66-ஆவது பிரிவின்படி மூன்று வருஷம் வரையில் சிறையும் ஐந்து லட்ச ரூபாய் வரையில் அபராதமும் விதிக்கலாம். குறைந்த விலைக்குக் கிடைக்கிறதென்று பூட்டிய மடிக் கம்ப்யூட்டரை வாங்கி வருபவர்கள், அது எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பது உத்தமம். ரசீது கேட்காமல் பூட்டுத் திறக்கும் கடைக்காரர், நாளைக்கு நம்முடையதையும் அப்படியே இன்னொருவனுக்குத் திறந்து கொடுப்பார் அல்லவா?

பழைய பெட்டியைத் திறந்து என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களும் உண்டு. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்குத் தயாரிப்பாளரின் ஆதரவு நின்றுவிட்டது. அதற்குப் பிந்திய விண்டோஸ் பழைய யந்திரங்களை ஏற்காது. அதனால் நல்ல பெட்டிகள் குப்பைக்குப் போகின்றன. லினக்ஸ் வகைகளில் எடை குறைந்த ஒன்றைப் போட்டால், பத்து வருஷத்துப் பெட்டியில் பையன் கட்டுரை எழுதலாம், கணக்குப் போடலாம், பாடம் கேட்கலாம். குப்பைதான் என்று தீர்மானித்தாலும், டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளாமல் பெட்டியைக் காயலான் கடைக்கு எடை போடக் கூடாது. வாசற்கதவு பூட்டியிருப்பதால் உள்ளேயிருப்பது பத்திரம் என்று எண்ணுவது எவ்வளவு பிசகு என்பதை நம் மாணவன் அரைமணியில் காட்டிவிட்டானே!

புதிதாகச் சொல் வைக்கிறவர்கள் குறியீடுகளைக் கலந்து வைத்துத் தாங்களே மறந்துபோக வேண்டாம். அடிக்கடி மாற்று, குறியீடு கலந்து வை என்று 2003-ல் சொன்ன அமெரிக்க அரசாங்க நிறுவனமே, 2017-ல் அதை மாற்றிக்கொண்டு, நீளமாக வை, காரணமின்றி மாற்றாதே என்று சொல்லிவிட்டது. சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வைப்பதே நலம். வைத்த சொல்லை, எந்த எழுத்துக்கூட்டல் என்பது உட்பட, காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள். கம்ப்யூட்டரின் மேலேயே ஒட்டி வைப்பதுதான் தவறு. வீட்டுப் பெட்டியில் வைப்பது தவறல்ல. மனைவிக்கோ பிள்ளைக்கோ அந்தக் காகிதம் இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். மேஜைக் கம்ப்யூட்டர் வீட்டை விட்டு நகராதபோது அதற்கு ஆரம்பக் கடவுச்சொல் தேவையே இல்லை என்பது நம் கட்சி. விண்டோஸின் சொல் ஒன்றே போதும்.

கழற்றிய பழைய பாட்டரியை மட்டும் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். புதிய சி.ஆர். 2032 ஒன்றின் விலை மிகச் சொற்பம். போடும்போது கூட்டல் குறி மேலே தெரியும்படி போட வேண்டும். பழையதைக் குழந்தை வாயில் போட்டு விழுங்கினால், அது தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரிக்கத் தொடங்கிவிடும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதன் இரண்டு முகத்திலும் ஒட்டுக் காகிதம் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, மின்குப்பை வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.